தூரம் ஒன்றுதான், பறக்கும் நேரம் மட்டும் ஏன் தினமும் மாறுகிறது?

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் போதும், தூரம் இத்தனை கிலோமீட்டர், பறக்கும் நேரம் இத்தனை மணி என்று உடனே சொல்லிவிடும் கணக்குக் கருவிகள் இணையத்தில் ஏராளம். இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் வருவதால் இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பிவிடுகிறோம். அப்படி நம்பக் கூடாது. தூரம் பூமியின் வடிவத்திலிருந்து வருகிறது. இன்றைக்குக் கேட்டாலும் பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் அதே எண்தான். நேரம் என்று காட்டுவது, பெரும்பாலும், அந்தத் தூரத்தை மணிக்கு 800 கி.மீ. மாதிரி ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்துக்கொண்ட கணக்கு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த நாட்டு வான்வெளி மூடியிருக்கிறது, போகிற விமானம் எது, இதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது.

லண்டன் ஹீத்ரோவையும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தையும் எடுத்துக்கொள்வோம். இடைவெளி சுமார் 5,550 கி.மீ. மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டால் 7 மணி 25 நிமிடம் போல வரும். பெயர்களை மாற்றிப் போட்டாலும் அதேதான் வரும். ஆனால் விமான நிறுவனங்களின் கால அட்டவணையைப் பார்த்தால், லண்டனிலிருந்து போக 8 மணி நேரத்தை ஒட்டியும் திரும்பி வர 7 மணி நேரத்தை ஒட்டியும் இருக்கும், அதுவும் குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் இன்னொன்று. ஆக அந்த 7 மணி 25 நிமிடம் போகிற வழிக்கும் பொருந்தவில்லை, வருகிற வழிக்கும் பொருந்தவில்லை.

சரி, தூரத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் தகராறு குறைவு. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழி என்பது பெருவட்டத்தின் ஒரு துண்டு, அதாவது பூமியை அதன் மையம் வழியாக வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் வில். ஒரு நில உருண்டையில் இரண்டு ஊர்களுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் நூல் தானாகவே அந்த வழியில் போய் உட்காரும். நம்மைக் குழப்புவது சுவரில் மாட்டும் தட்டையான வரைபடம். ஜெரார்டஸ் மெர்கேட்டர் 1569-ல் வெளியிட்ட வரைபடம் கப்பலோட்டிகளுக்கானது. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போகிற பாதை காகிதத்தில் நேர்கோடாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, துருவங்களை நோக்கிப் போகப் போக எல்லாமே இழுத்து விரிக்கப்பட்டிருக்கும். லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகிற விமானம் கிரீன்லாந்துப் பக்கம் ஏறிப் போவதை இருக்கைத் திரையில் பார்த்துவிட்டு "எதுக்கு இவ்வளவு சுத்திப் போறாங்க" என்று கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு. அவர்கள் மனதில் போடுகிற நேர்கோட்டில் போனால்தான் உண்மையில் சுற்று.

பெருவட்டத்தில் போவதில் ஒரு தொல்லை, போகப் போகத் திசைகாட்டிக் கோணம் மாறிக்கொண்டே இருக்கும். 1927 மே மாதம் சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாக, எங்கும் இறங்காமல், சுமார் 5,800 கி.மீ. பறந்தபோது அந்த வளைவை ஏறக்குறைய நூறு மைல் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து வைத்திருந்தார். பயணம் முப்பத்து மூன்றரை மணி நேரம். இன்றைக்கு அந்த வேலையை விமானத்தின் கம்ப்யூட்டர் செய்கிறது, ஆனால் செய்கிற வேலை அதேதான்.

கணக்குப் போடுவதற்கு இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும் போதும். எளிய வழி ஹேவர்சைன் சூத்திரம்: பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள சுத்தமான உருண்டையாக வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து சைன், கொசைனை வைத்தே விடையைக் கொடுத்துவிடும். ஆனால் பூமி சுத்தமான உருண்டை இல்லை. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ., அதாவது 21 கி.மீ. அமுங்கியிருக்கிறது. இதையும் சேர்த்துக் கணக்கிட தாடியஸ் வின்சென்டி 1975-ல் கொடுத்த முறையைத்தான் பல மென்பொருள்கள் இன்னும் வைத்திருக்கின்றன. லண்டன் – நியூயார்க் தூரத்தை ஒரு தளம் 5,540 என்றும் இன்னொரு தளம் 5,555 என்றும் சொன்னால் யாரும் தப்பு செய்யவில்லை. முதல் தளம் உருண்டையை வைத்துப் போட்டிருக்கிறது, இரண்டாவது அமுங்கிய பூமியை வைத்துப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். பயணிக்கு இந்தப் பதினைந்து கிலோமீட்டர் ஒரு நிமிட விஷயம்.

வின்சென்டி முறை திணறுகிற இடமும் ஒன்று உண்டு. பூமியின் நேர் எதிர்ப் பக்கங்களில் இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எந்தத் திசையில் கிளம்பினாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் குறுகிய வழியைத் தேடிக் கணக்கு சுற்றிக்கொண்டே இருக்கும், முடிவுக்கு வராது. ஈக்வடாரின் கீட்டோவும் சிங்கப்பூரும் கிட்டத்தட்ட அப்படிப்பட்ட ஜோடி, இடைவெளி சுமார் 19,700 கி.மீ. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 20,000 கி.மீ. சொச்சத்துக்கு மேல் தூரம் இருக்கவே முடியாது என்பதால் இது உச்சவரம்பைத் தொட்டுவிடுகிறது. 2013-ல் சார்லஸ் கார்னி வெளியிட்ட முறை இந்தச் சிக்கலையும் தீர்த்துவிட்டது. இப்போதைக்கு இடைவிடாமல் போகிற மிக நீண்ட பயணிகள் சேவை சிங்கப்பூர் – நியூயார்க். பெருவட்டத் தூரம் 15,300 கி.மீ.க்குச் சற்று மேல், அட்டவணையில் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல்.

மைல் என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாலை மைல் 1,609 மீட்டர், விமானமும் கப்பலும் பயன்படுத்தும் கடல் மைல் 1,852 மீட்டர். கடல் மைலைச் சும்மா வைக்கவில்லை. அட்சரேகையில் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கடல் மைல். லண்டன் – நியூயார்க் சாலை மைலில் சுமார் 3,450, கடல் மைலில் சுமார் 3,000. இரண்டையும் குழப்பிக்கொண்டு, வேகத்தை நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வைத்துத் தூரத்தைச் சாலை மைலில் வைத்து வகுத்தால் ஒரு மணி நேரம் எங்கிருந்தோ முளைக்கும்.

இந்தப் பெருவட்டத் தூரத்துக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதிப்படி விமானம் ரத்தானாலோ மிகவும் தாமதமானாலோ தர வேண்டிய இழப்பீடு தூரத்தைப் பொறுத்தது: 1,500 கி.மீ. வரை 250 யூரோ, 3,500 வரை 400, அதற்கு மேல் 600 (ஒன்றியத்துக்கு உள்ளேயே போகிற விமானம் என்றால் சில விலக்குகளோடு). ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போனவர்களின் வழக்கு ஒன்று 2017-ல் ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்கு வந்தது. இரண்டு பயணங்களையும் கூட்டினால் 1,500-ஐத் தாண்டும், ரோமையும் ஹாம்பர்க்கையும் நேராக அளந்தால் தாண்டாது. நேராக அளந்ததுதான் கணக்கு என்று தீர்ப்பு வந்தது. பயணி எத்தனை கிலோமீட்டர் சீட்டில் உட்கார்ந்திருந்தார் என்பது கணக்கில் வரவில்லை.

ஆனால் எந்த விமானமும் அந்தக் கோட்டில் அப்படியே பறப்பதில்லை. கிளம்பும்போது ஓடுபாதை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறதோ அந்தத் திசையில்தான் எழும்ப முடியும், அதுவும் காற்றுக்கு எதிர்முகமாக. சில சமயம் போக வேண்டிய ஊருக்கு நேர் எதிர்த்திசையில் எழும்பி, குறித்து வைத்த வளைவில் திரும்பி, அப்புறம்தான் வழிக்கு வரும். இறங்கும் இடத்திலும் இதே கதை. இதனால்தான் ஒரு பயணத்தில் எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்று கணக்குப் போடுபவர்கள் பெருவட்டத்தோடு கொஞ்சம் கூட்டிக்கொள்கிறார்கள்: சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணக்கில் 550 கி.மீ.க்குக் குறைந்த பயணத்துக்கு 50, 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கி.மீ. சேர்ப்பார்கள். ஐரோப்பியக் கார்பன் சந்தை (கார்பன் வெளியிடும் உரிமையை வாங்கி விற்கும் ஏற்பாடு) எல்லாப் பயணத்துக்கும் ஒரே மாதிரி 95 கி.மீ. கூட்டிக்கொள்ளும். குத்துமதிப்புதான், ஆனால் நேர்மையான குத்துமதிப்பு.

இது சின்ன வளைவு. பெரிய வளைவுகள் வேறு காரணங்களால் வருகின்றன. இரண்டு எஞ்ஜின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால் இன்னொன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த நேரம் ஆரம்பத்தில் 60 நிமிடம். அதனால் இரட்டை எஞ்ஜின் விமானங்கள் கரையை ஒட்டியே சுற்றிப் போக வேண்டியிருந்தது, பெருங்கடல் எல்லாம் மூன்று, நான்கு எஞ்ஜின் விமானங்களின் ராஜ்யமாக இருந்தது. 1985-ல் அமெரிக்காவில் 60 நிமிடத்துக்கு மேலும் அனுமதி கிடைத்து போயிங் 767 அட்லாண்டிக்கை நேர்வழியில் கடக்கத் தொடங்கியது, இன்றைக்கு ஏர்பஸ் ஏ350-க்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. திபெத் பீடபூமிக்கு மேலே விமானங்கள் அதிகம் போகாததற்குக் காரணம் வேறு: கேபினில் காற்றழுத்தம் போனால் மேலிருந்து தொங்கும் மாஸ்க்கில் ஆக்சிஜன் பதினைந்து நிமிடம் போலத்தான் வரும், அதற்குள் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும், அங்கே தரையே அதைவிட உயரத்தில் இருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வளைவை உண்டாக்குவது அரசியல்தான். ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் பெருவட்டத் தூரம் சுமார் 7,850 கி.மீ., அதில் பெரும்பகுதி ரஷ்யாவுக்கு மேலே. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு அந்த வான்வெளி மூடப்பட்டது. ஒன்பதரை மணி நேரம் போலப் பறந்துகொண்டிருந்த ஃபின்ஏர், வடதுருவத்தைச் சுற்றியோ தெற்கே இறங்கியோ பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. ஃபின்ஏருக்கு இது புதிதல்ல. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்வெளி இதேபோல் மூடியிருந்தபோது, 1983-ல் துருவத்துக்கு மேலாக ஹெல்சின்கி – டோக்கியோ இடைவிடாச் சேவையைத் தொடங்கியவர்கள் அவர்கள்தான். அதற்கும் முன்பே, 1957-ல், ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி டோக்கியோ போயிருக்கிறது. இத்தனைக்கும் கணக்குக் கருவி இன்றைக்கும் ஹெல்சின்கி – டோக்கியோவுக்குப் பத்து மணிச் சொச்சம் என்றுதான் காட்டும். எண்ணை நம்பி இணைப்பு விமானம் போட்டவர் பாடு திண்டாட்டம்.

இப்போது காற்று. நேரத்தை நிஜமாகவே ஆட்டிப்படைப்பது இதுதான், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டாலும் பூமியின் சுழற்சியாலும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று சொல்வது இதைத்தான். பயணிகள் விமானம் பறக்கிற உயரமும் அதுவே. முதலில் இதை முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் ஓய்ஷி வசாபுரோ, 1920-களில், பலூன்களைப் பறக்கவிட்டு. உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று அதை, உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராண்டோவில் எழுதி வெளியிட்டார், விளைவாக ஏறக்குறைய யாருமே படிக்கவில்லை. 1944 கடைசியில் டோக்கியோ மீது குண்டுவீசப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்ட பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது.

விமானம் காற்றுக்குள் என்ன வேகத்தில் போகிறது என்பது வேறு, தரையைப் பொறுத்து என்ன வேகத்தில் நகர்கிறது என்பது வேறு. அட்டவணையைத் தீர்மானிப்பது இரண்டாவது வேகம். 2020 பிப்ரவரி 9 அன்று, சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் எட்டியது. உச்சத்தில் தரை வேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல். தரை மட்டத்தில் ஒலியின் வேகம் சுமார் 1,225 கி.மீ., அதனால் "ஒலியை மிஞ்சிய 747" என்று சிலர் எழுதினார்கள். மிஞ்சவில்லை. விமானம் தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் எப்போதும் போல 900 கி.மீ. வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் காற்று முழுவதுமே கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது, ஓடுகிற ரயிலுக்குள் முன்னோக்கி நடப்பவரைப் போல.

போகும்போது எதிர்காற்று இழுத்தால் வரும்போது பின்காற்று தள்ளும், இரண்டும் கழிந்துவிடும்தானே என்று தோன்றும். கழியாது. 5,400 கி.மீ. தூரம், விமானத்தின் வேகம் 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாவிட்டால் போக 6, வர 6, மொத்தம் 12 மணி நேரம். 100 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் ஒரு பக்கம் 1,000 கி.மீ. வேகத்தில் 5 மணி 24 நிமிடம், மறுபக்கம் 800 கி.மீ. வேகத்தில் 6 மணி 45 நிமிடம், கூட்டினால் 12 மணி 9 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருப்பதால் அதன் நஷ்டம் பின்காற்றின் லாபத்தைவிடக் கூடுதல். 2016-ல் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்து வளிமண்டல ஆய்வாளர் பால் வில்லியம்ஸ் இதே தர்க்கத்தை வைத்து, காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் ஜெட் ஸ்ட்ரீம் வலுத்து லண்டன் – நியூயார்க் போய்வரும் நேரம் சராசரியாக 1 நிமிடம் 18 நொடி கூடும் என்று கணக்கிட்டார். ஒருவருக்கு இது ஒன்றுமே இல்லை, வடக்கு அட்லாண்டிக்கைத் தினமும் கடக்கிற நூற்றுக்கணக்கான விமானங்களின் எரிபொருளுக்குப் பெரிய விஷயம்.

தூரத்தையும் நேரத்தையும் பிரித்தே பார்க்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை: டெல்லி – சான் பிரான்சிஸ்கோ. பெருவட்டத் தூரம் 12,400 கி.மீ.யை ஒட்டி. ஏர் இந்தியா அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தபோது பறந்த தூரம் சுமார் 13,900 கி.மீ., வழியெல்லாம் எதிர்காற்று. 2016 அக்டோபரில் எதிர்ப்பக்கம் திரும்பி, கிழக்கே பசிபிக் வழியாக 15,300 கி.மீ. பறந்தார்கள். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதல், ஆனால் பதினாலரை மணி நேரத்தில், வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் போல முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள். வகுத்துப் பாருங்கள், சராசரியே மணிக்கு 1,050 கி.மீ.க்கு மேல் வருகிறது. அந்த போயிங் 777 தானாக அந்த வேகத்தில் பறக்காது, மிச்சம் காற்று கொடுத்தது.

இதனால்தான் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு நிறுவனத்தின் டிஸ்பாட்சர் அன்றைய காற்று முன்னறிவிப்பை வைத்துப் பாதையைப் புதிதாகப் போடுகிறார். வடக்கு அட்லாண்டிக்கில் இது இன்னும் கறாராக நடக்கிறது: கனடாவின் கேண்டர் மையமும் பிரிட்டன், அயர்லாந்துப் பக்கம் ஷான்விக் மையமும் தினமும் இரண்டு தொகுதிப் பாதைகளை அறிவிக்கின்றன, பகலில் மேற்கே போகிறவர்களுக்கு ஜெட் ஸ்ட்ரீமைத் தவிர்க்கிற மாதிரி, இரவில் கிழக்கே வருகிறவர்களுக்கு அதன் மேலேயே ஏறி வருகிற மாதிரி. நேற்றைய பாதை இன்றைக்கு இருக்காது.

பூமி கிழக்கே சுற்றுவதால் மேற்கே போனால் ஊர் நம்மை நோக்கி வரும், சீக்கிரம் போய்விடலாம் என்று ஒரு வாதம் அடிக்கடி கிளம்பும். நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் சுற்றுவது உண்மை, ஆனால் காற்று மண்டலமும் கூடவே சுற்றுகிறது, ஓடுபாதையில் நிற்கும் விமானமும் கூடவே சுற்றுகிறது. அந்த வாதம் சரியென்றால் ஹெலிகாப்டரை ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நிறுத்தினால் கீழே அடுத்த நாடு வந்திருக்க வேண்டும்.

விமானத்தின் சொந்த வேகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் அது அறுபது வருஷமாக ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பதினோரு கி.மீ. உயரத்தில், மைனஸ் 56 டிகிரி குளிரில், ஒலியின் வேகம் சுமார் 1,060 கி.மீ. போயிங் 787, ஏ350 போன்றவை அதில் 85 சதவீதத்தில் பறக்கும், அதாவது 900 கி.மீ.; சின்ன ஏ320, போயிங் 737 எல்லாம் 78 சதவீதம், 830 கி.மீ. அதற்கு மேல் போனால் இறக்கையின் மேல் அதிர்ச்சி அலைகள் உருவாகி இழுவை எகிறும், எரிபொருள் செலவு எகிறும். ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்ட் 1996 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 53 நிமிடத்தில் வந்தது, 2003-ல் அதை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் எல்லோரும் எரிபொருள் மிச்சத்தைத்தான் பார்க்கிறார்கள்.

குறுகிய பயணத்தில் உச்ச வேகத்துக்கு வேலையே இல்லை. 36,000 அடியிலிருந்து இறங்க ஏறக்குறைய 200 கி.மீ. வேண்டும், ஏறுவதற்கும் அதே மாதிரி. அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட்டுக்கு மேல், அதாவது 463 கி.மீ.க்கு மேல், போகக் கூடாது. ஹீத்ரோவுக்கும் பாரிஸ் சார்ல் த கோலுக்கும் 350 கி.மீ. கூட இல்லை, ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். சூத்திரப்படி 55 நிமிடம் சொச்சம். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரமோ கூடவோ போட்டிருக்கும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே போகிற லோகன்ஏர் விமானம் இந்தச் சூத்திரங்களையெல்லாம் கேலி செய்யும்: தூரம் 2.7 கி.மீ., அட்டவணையில் 2 நிமிடம், காற்று சாதகமாக இருந்த ஒரு நாளில் 53 நொடி.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரமே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கேட்டிலிருந்து விமானம் பின்னால் நகர ஆரம்பித்த கணத்திலிருந்து, இறங்கிப் போய் இன்னொரு கேட்டில் நிற்கும் கணம் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு உருண்டு போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்க இடம் கிடைக்காமல் வானத்தில் வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்தில் 2003-ல் திறந்த போல்டர்பான் ஓடுபாதையில் இறங்கினால் டெர்மினலுக்கு உருண்டு வரவே கால் மணி நேரம் ஆகலாம். ஹீத்ரோவைச் சுற்றி பாவிங்டன், லேம்போர்ன், ஆக்கம், பிகின் ஹில் என்று நான்கு காத்திருப்பு வட்டங்கள் நிரந்தரமாகவே குறிக்கப்பட்டிருக்கின்றன, காலை நெரிசலில் அவற்றில் சில சுற்று சுற்றுவது விமானிகளுக்குத் தினசரி வேலை.

இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு அதற்கு மேலும் கொஞ்சம் நேரத்தை நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில், அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது சரியான நேரத்தில் வந்த விமானம். அப்படியிருக்க, அட்டவணையிலேயே இருபது நிமிடம் கூட்டி எழுதிவிட்டால் தாமதமே இல்லாத நிறுவனம் என்று பெயர் வாங்கிவிடலாம். இதை ஏமாற்று என்று திட்டுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை, இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவருக்குக் குறைத்துச் சொன்ன நேரத்தைவிடக் கூட்டிச் சொன்ன நேரமே உதவும். ஆனால் "அரை மணி நேரம் முன்னதாகவே வந்துட்டோம்" என்று அறிவிப்பு வரும்போது பைலட்டுக்குக் கைதட்டத் தேவையில்லை.

கடைசியாகக் கடிகாரம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படி, சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படி. டோக்கியோவில் இரவு ஏறினால் அதே நாள் காலையில் ஹோனலூலுவில் இறங்கலாம், நடுவே சர்வதேசத் தேதிக் கோடு இருக்கிறது. இதன் உச்சம் பசிபிக் தீவு நாடான சமோவா. வணிகத்துக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் நாட்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று 2011-ல் டிசம்பர் 30-ஆம் தேதியையே விட்டுவிட்டு அந்த நாடு கோட்டின் மறுபக்கம் தாவியது. பக்கத்து அமெரிக்க சமோவா தாவவில்லை. நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு தீவுகளுக்கும் நடுவே இப்போது சரியாக 24 மணி நேர வித்தியாசம். சமோவாவிலிருந்து செவ்வாய்க்கிழமை கிளம்பினால் ஒரு மணி நேரம்கூடப் பறக்காமல் திங்கட்கிழமை போய் இறங்குவீர்கள்.

நேர மண்டலத்தைத் தேடிப் பார்க்காமலே உண்மையான நேரத்தை எடுக்க ஒரு வழி இருக்கிறது. அட்டவணையில் போகிற பயணத்தையும் வருகிற பயணத்தையும் எடுத்து, கடிகாரம் காட்டுகிறபடியே கழித்துக்கொள்ளுங்கள். லண்டனில் காலை 11-க்குக் கிளம்பி நியூயார்க்கில் பிற்பகல் 2-க்கு இறங்குகிறது என்றால் 3 மணி நேரம். அங்கே இரவு 7-க்குக் கிளம்பி இங்கே காலை 7-க்கு வருகிறது என்றால் 12 மணி நேரம். இரண்டையும் கூட்டினால் 15, கடிகார வித்தியாசம் ஒரு பக்கம் கழிந்து மறுபக்கம் கூடுவதால் தானாகவே அடிபட்டுப்போகும், பாதி ஏழரை. கேட்டிலிருந்து கேட்டுக்கு ஒரு வழிப் பயணத்தின் சராசரி அதுதான். நேர வித்தியாசம் 5 மணி என்று தெரிந்தால் போவது 8, வருவது 7 என்று தனித்தனியாகவும் பிரித்துவிடலாம், அந்த ஒரு மணி நேர இடைவெளியில் பெரும்பங்கு காற்றுடையது. அதற்கு மேலும் துல்லியம் வேண்டுமென்றால், அதே எண்ணுள்ள விமானம் கடந்த ஒரு வாரத்தில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று விமானத்தைப் பின்தொடரும் தளங்களில் பாருங்கள், ஒரே வாரத்துக்குள்ளேயே அரை மணி நேரம் மேலும் கீழுமாக இருக்கும்.